20ஆம் தேதிக்குள் சம்பளம் காலி: பத்து இருபதாகப் போவதை எப்படி நிறுத்துவது?

2 ஆகஸ்ட் 2025 (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

கைக்கு வருவது 34,000. வாடகை 9,000. குடி, சிகரெட் கிடையாது. பெரிதாக எதுவும் வாங்குவதும் இல்லை. ஆனாலும் 20ஆம் தேதி பேலன்ஸ் பார்த்தால் மூன்று இலக்கம்தான் நிற்கிறது. எல்லாம் ஜிபேயில் பத்து இருபதாகப் போகிறது என்று நினைக்கிறேன். கணக்கு எழுதும் செயலி மூன்று போட்டுப் பார்த்தேன், எதிலும் நாலு நாளுக்கு மேல் எழுதவில்லை. உருப்படியாக ஒரு வழி சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், காலை

டீக்கடைதான் தம்பி, வேறெங்கும் தேட வேண்டாம். டீ 15, பப்ஸ் 20. கூட வந்தவனுக்கும் நாமே ஸ்கேன் செய்வோம். அந்த ஸ்பீக்கர் பெட்டி நாலு பேர் கேட்கத் தொகையைச் சொல்வதில் ஒரு கௌரவம் வேறு. எனக்கே மாதம் மூவாயிரமாவது பேக்கரியில் போகும். (கோவையில் டீக்கடைக்குப் பேக்கரி என்றுதான் பெயர்.)

ஜிபேயை விட்டுவிட்டுச் சட்டைப் பையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐநூறு ரூபாய்த் தாளை மாற்ற மனசு வராது. வைத்தியம் அவ்வளவுதான்.

3 ஆகஸ்ட், இரவு

மேலே உள்ளதை வீட்டில் படித்துவிட்டார்கள். "ஏனுங்க, ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி நம்ம கணக்கை ஒரு தடவை பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. நான் பம்ப் செட் பட்டறையில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். வீட்டுக்கு ஒரு நாளும் எழுதியதில்லை. ஜூலை மாத யூபிஐ பட்டியலை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் சொல்கிறேன்.

5 ஆகஸ்ட்

சொன்னது தப்பு.

ஜூலையில் மொத்தம் 147 பரிமாற்றம். அதில் நூறு ரூபாய்க்குக் கீழே 112. எண்ணிக்கையைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூட்டினால் 4,376. பேக்கரி மட்டும் 1,140, நான் சொன்ன மூவாயிரத்தில் பாதி கூட இல்லை. பாவம், வருஷக் கணக்கில் அந்த அண்ணன் மேல் பழி போட்டிருக்கிறேன்.

ஐநூறுக்கு மேல் போனது ஒன்பதே தடவை. அது 13,355. நாலு சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட் (7,780), மூன்று ராத்திரி ஆர்டர் சாப்பாடு (1,945), ஆடித் தள்ளுபடியில் சட்டை இரண்டு (2,450), மகளுக்கு ஷூ (1,180). ஷூ ஒன்றுதான் தேவை. சட்டை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, பட்டறையில் நாள் முழுக்கக் கிரீஸ்.

அடிக்கடி போவது நினைவில் நிற்கிறது. மொத்தமாகப் போவது "வீட்டுக்குத்தானே" என்று மறந்துபோகிறது. தம்பி, உங்கள் பட்டியலையும் தொகை வாரியாக, பெரியது மேலே வருகிற மாதிரி அடுக்கிப் பாருங்கள். தேதி வாரியாகப் பார்த்தால் டீதான் கண்ணில் படும்.

9 ஆகஸ்ட்

சூப்பர் மார்க்கெட் பில்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேற்று ஒன்று கையில் கிடைத்தது. பழைய பில்லெல்லாம் வெளுத்துப்போய்விட்டது, ஜூலை 12 தேதியிட்டது மட்டும் வாசிக்கும்படி இருந்தது. 2,240 ரூபாய், 23 அயிட்டம். எட்டாவது படிக்கிற மகளிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, "எது வாங்கக் கடைக்குப் போனோமோ அதை மட்டும் கோடு போடு" என்றேன். துவரம் பருப்பு, கடலை எண்ணெய், உளுந்து, சீரகம் என்று ஒன்பதோடு பேனா நின்றுவிட்டது.

மீதி 14 அயிட்டமும் அங்கே போன பிறகு தேவைப்பட்டவை. அவை மட்டும் 1,020 ரூபாய். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டுக்கு ஒன்று இலவசம் என்று மூன்று எடுத்திருக்கிறோம். அன்றைக்கு வீட்டில் ஏற்கெனவே ஐந்து இருந்தது. ஒரு பாக்கெட் ஓட்ஸ். எங்கள் வீட்டில் ஓட்ஸ் சாப்பிடுகிறவர் யாரும் கிடையாது. யாரோ ஒரு நாள் சாப்பிடப்போகிறோம் என்று வாங்கியிருக்கிறோம்.

இந்த மாதம் தெருமுனை மளிகைக் கடைக்குச் சிட்டை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி இருக்கிறேன். பையன் சாமானைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறான். துவரம் பருப்பு கிலோவுக்கு ஆறு ரூபாய் கூடத்தான். பார்ப்போம்.

10 ஆகஸ்ட்

"டீயையும் விட்டு, சட்டையையும் விட்டு எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்" என்று கேட்ட நண்பருக்கு: டீக்கு விடுதலை கொடுத்தாயிற்று, ஐந்தாம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்.

17 ஆகஸ்ட்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஆவணி பிறந்துவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து முகூர்த்தம், அப்புறம் நேரம் இருக்காது.

பட்டறையில் பெட்டி கேஷ் என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெட்டியில் இருக்கும் காசு என்பதால்தான் பெட்டி கேஷ் என்று நினைத்திருந்தேன். இரும்புப் பெட்டியும் இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அது சில்லறைச் செலவுக்கான காசு என்று ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் நாலு வருஷம் கழித்து.

அதன் நடைமுறை இதுதான். பெட்டியில் 5,000 ரூபாய். ஆட்டோ வாடகை, கொரியர், டீ, பஞ்சர் என்று எது போனாலும் ஒரு வவுச்சர். எந்த நேரத்தில் திறந்தாலும் இருக்கும் பணமும் வவுச்சரும் சேர்ந்து 5,000 வர வேண்டும். சனிக்கிழமை வவுச்சர்களை முதலாளி மேஜையில் வைத்தால், கையெழுத்துப் போட்டு, செலவான அளவுக்கு மட்டும் நிரப்பித் தருவார். 19 வருஷத்தில் அதிகபட்சம் 40 ரூபாய் இடித்திருக்கிறது. அதுவும் கொரியர்காரர் ரசீது தராத நாள்.

அப்படிப்பட்டவன் சொந்தக் காசை ஏன் கோட்டை விடுகிறேன்? ஆள் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். அங்கே சனிக்கிழமை இன்னொருவரிடம் சீட்டைக் காட்ட வேண்டும், இங்கே வேண்டாம். எனக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை. செயலிகள் நாலு நாளில் சலித்துப்போவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அதில் எழுதினாலும் நாமே, பார்த்தாலும் நாமே.

ஆக, வீட்டுக்கும் அதையே கொண்டுவந்துவிட்டேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் 3,000. வாடகை, பால், மின்சாரம், மளிகை தவிர்த்து வாரச் செலவு எல்லாம் அதிலிருந்து. எடுப்பவர் துண்டுக் காகிதத்தில் தொகையும் காரணமும் எழுதிப் பாட்டிலில் போட வேண்டும். ஞாயிறு காலை கணக்கு. எனக்கு வீட்டுக்காரம்மா கையெழுத்து, அவருக்கு நான், மகளுக்கு இரண்டு பேரும்.

தம்பி, நீங்கள் அறையில் தனியாளா, கூட ஆள் உண்டா? இருந்தால் அவரிடம் சீட்டைக் காட்டுங்கள், அவர் சீட்டை நீங்கள் பாருங்கள். அவர் உங்களுக்குப் பணம் தரவேண்டியதில்லை, வாரம் ஒரு தடவை "இது என்ன 480?" என்று கேட்டால் போதும்.

18 ஆகஸ்ட்

முதல் வாரத்துக் கூத்து: நான் போட்ட சீட்டுகளில் ஒன்றில் "இதர – 310" என்று எழுதியிருந்தேன். பழக்கதோஷம். மகள் எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, இதரன்னா என்ன கடை?" என்கிறாள். நினைவுபடுத்திப் பார்த்தேன், வரவில்லை. ஆடிட்டர் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

வீட்டில் இனி "இதர" செல்லாது.

24 ஆகஸ்ட்

நோட்டாக வைத்துக்கொள் என்று முதல் நாள் சொன்னேனே, அதையும் திருத்த வேண்டும். சில்லறை எங்கேயும் இல்லை. காய்க்காரம்மாவிடம் 65 ரூபாய்க்கு நூறு நீட்டினால், "ஜிபே பண்ணிருங்க சாமி" என்கிறார். மெடிக்கலில் மீதிக்கு மிட்டாய் தருகிறார்கள். பஸ் கண்டக்டரைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் பாட்டில் பணத்தில் ஒரு பகுதியை யூபிஐ லைட்டில் போட்டுக்கொள்கிறேன். போனுக்குள்ளேயே ஒரு சுருக்குப் பை மாதிரி. ஒரு தடவைக்கு ஆயிரம் வரை பின் நம்பர் இல்லாமல் போகும், பைக்குள் அதிகபட்சம் 5,000 வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் ஏற்றுவேன். தீர்ந்தால் அடுத்த ஞாயிறுதான்.

31 ஆகஸ்ட்

லைட் பற்றி எழுதியதில் இரண்டு விஷயம் விட்டுப்போனது.

ஒன்று, ஆட்டோ டாப்-அப் என்று ஒரு வசதி இருக்கிறது. பை காலியானால் வங்கிக் கணக்கிலிருந்து தானாக நிரம்பும். அது இயங்கினால் பை இருந்தும் பயனில்லை, அடி ஓட்டை. நான் அமைக்கும்போதே ஏதோ கேட்டது, "சரி" என்று அழுத்தியிருக்கிறேன். இரண்டாவது வாரம் புதன்கிழமை, "பரவாயில்லையே, இன்னும் 640 மிச்சம்" என்று மகிழ்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அணைத்துவிட்டேன்.

இரண்டு, லைட்டில் செலவு செய்வது வங்கிப் பாஸ்புக்கில் ஒவ்வொன்றாக வராது, பையில் ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக வரும். பாஸ்புக் பார்த்துக் கணக்கு எழுதுபவர்களுக்கு இது சிக்கல். செயலிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதே செயலியில் ஆட்டோபே என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்க நாம் கொடுத்த அனுமதி எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், அங்கேயே ரத்தும் செய்யலாம். எனக்கு நாலு இருந்தது. அதில் ஒன்று ஜாதகம் பார்க்கும் செயலி. ஒரு ரூபாய்க்கு முதல் வாரம் என்று போட்டது, அப்புறம் மாதம் 199. பதினோரு மாதம் போயிருக்கிறது. தன விரயம் என்று அதில் ஒரு நாளாவது பலன் வந்ததா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

"எஸ்எம்எஸ் வந்திருக்குமே" என்றால், வந்திருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். தந்திருக்கிறார்கள். ஆஃபர் எஸ்எம்எஸ் குவியலில் நான் பார்க்கவில்லை.

7 செப்டம்பர்

ஆகஸ்ட் மளிகை மொத்தம் 5,310. ஜூலையில் 7,780. கிலோவுக்கு ஆறு ரூபாய் கூடக் கொடுத்தும்.

ஆனால் வீட்டில் ஒரு கலகம். "நான் பூ வாங்கறதுக்கும் சீட்டு எழுதணுமா? உங்க பட்டறையிலயா வேலை பார்க்கறேன்?" நியாயம்தான். மூன்று வாரமாக நான் கொஞ்சம் முதலாளி தோரணையில்தான் நடந்துகொண்டேன், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. என் முதலாளி கூட அப்படிப் பார்ப்பதில்லை.

இப்போது ஆளுக்கு மாதம் 500 தனி. அதற்குச் சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. என் அம்மாவுக்கும் உண்டு. அவர் அதைக் கடுகு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அறுபது வருஷமாக அவர் வங்கி அதுதான்.

8 செப்டம்பர்

திருப்பூர் தம்பி எழுதியதைப் பார்த்தேன். பட்டியலைத் தொகை வாரியாக அடுக்கினாராம். மேலே வந்தது வாடகை, ஊருக்கு அனுப்பும் 10,000, அப்பாவின் மாத்திரை 3,200. சாப்பாடும் மெஸ்ஸும் போக, குறைப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

டீக்கடைதான் என்று தெரிந்தவன் மாதிரி முதல் நாளே சொன்னேன். மன்னிக்கணும் தம்பி. போதாத சம்பளத்துக்குப் பாட்டில், சீட்டு எல்லாம் சொல்லி என்ன செய்ய? இந்த இழையில் நாம் பேசுவதில் முக்கால்வாசி, கொஞ்சம் மிஞ்சக்கூடிய வீட்டுக்குத்தான் பொருந்தும். "இதென்ன நடுத்தர வர்க்க விளையாட்டு" என்று ஒருவர் கோபமாகக் கேட்டாரே, அவருக்கும் இதே பதில்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அப்பாவுக்கு என்ன மாத்திரை?

9 செப்டம்பர்

பிரஷரும் சர்க்கரையும் என்றால் அந்த 3,200ஐக் குறைக்க வழி உண்டு. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் இரண்டுக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். என் அம்மா அதில்தான் வாங்குகிறார். மாதம் ஒரு தடவை அந்தப் பெண் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, மாத்திரை தந்துவிட்டு, அம்மாவிடம் அரை மணி நேரம் ஊர்க்கதையும் கேட்டுவிட்டுப் போகிறார்.

அங்கே இல்லாத மாத்திரைக்கு மக்கள் மருந்தகமோ, 2025 பிப்ரவரியில் ஆரம்பித்த முதல்வர் மருந்தகமோ பாருங்கள். அதே மருந்து, கம்பெனிப் பெயர் இல்லாமல், விலை நன்றாகவே இறங்கும். ஆனால் டாக்டரிடம் சீட்டைக் காட்டி, மருந்தின் பொதுப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கடையில் நாமாக மாற்றிக் கேட்பது வேண்டாம்.

23 செப்டம்பர்

நேற்று முதல் ஜிஎஸ்டி குறைந்துவிட்டது. ஷாம்பு, பற்பசை, சோப்புக்கெல்லாம் 18 சதவீதம் போய் 5. சந்தோஷத்தில் ஷாம்பு மூன்று பாட்டில் வாங்கிவந்தேன். எனக்கு முன் தலையில் முடி கிடையாது. மகள் சீட்டை எடுத்துப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

12 அக்டோபர்

தீபாவளிக்கு எட்டு நாள். கிரெடிட் கார்டு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

என் அப்பா மில் தொழிலாளி. மளிகைக் கடையில் எங்களுக்குப் பற்று நோட்டு உண்டு, நீள நோட்டு, முனை எல்லாம் எண்ணெய்க் கறை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடலை மிட்டாய் வாங்கினாலும் அதில் ஏறும். தீபாவளி போனஸ் வந்த அன்று அப்பா நேராக வீட்டுக்கு வரமாட்டார், கடைக்குப் போய்ப் பற்றை அடைத்துவிட்டு மிச்சத்தோடு வருவார். சில வருஷம் மிச்சமே இருக்காது. அதனால் "அந்தக் காலத்தில் எல்லாம்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஆனால் அந்தக் கடைக்காரர் வட்டி போட்டதில்லை. கார்டு போடும். 2019ல் ஃபிரிட்ஜும் இன்னும் சிலதும் சேர்ந்து 28,000 பாக்கி நின்றது. குறைந்தபட்சம் கட்டினால் போதும் என்று பில்லில் தடித்த எழுத்தில் 1,400 போட்டிருந்தது, கட்டினேன். அந்தக் கார்டுக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம். அது 980. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 176. இரண்டும் 1,156. ஆக நான் கட்டிய 1,400ல் கடன் குறைந்தது 244 ரூபாய். பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லாத நாள் கிடையாது, அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். இது தெரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது. கணக்கு எழுதுகிறவன்!

சீட்டுப் பணம் எடுத்து அடைத்தேன். கார்டு இன்னும் இருக்கிறது, பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில். எடுக்க வேண்டுமென்றால் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ கேட்டவருக்கு: வட்டி போட்டு, அதே அளவு விலையில் கழிக்கிறார்கள். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் புராசஸிங் ஃபீஸும் நம் தலையில்தான். அந்த இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

26 அக்டோபர்

பாட்டில் தீபாவளியில் உடைந்தது. நிஜமாகவே உடையவில்லை, கணக்கு. ஒரே வாரத்தில் 17,000 சொச்சம்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், இது எதிர்பாராத செலவே இல்லை. தீபாவளி எந்த வருஷம் வராமல் இருந்தது? மாதக் கணக்கில் இடமில்லாத வருஷச் செலவுதான் எங்களை ஒவ்வொரு தடவையும் கவிழ்க்கிறது. எழுதிப் பார்த்தேன்: தீபாவளி 18,000. மொய் 14,500 (போன வருஷ மொய் நோட்டைப் பார்த்து, நமக்கு வைத்தவர்கள் வீட்டில் இந்த வருஷம் எத்தனை விசேஷம் என்று வீட்டுக்காரம்மா கணக்குப் போட்டார், ஆடிட்டர் தோற்றார்). வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 6,500. குலதெய்வம் கோயில் 5,000. பள்ளிக்கூட நோட்டு, சீருடை 10,000. மொத்தம் 54,000. மாதத்துக்கு 4,500.

அதாவது மாதம் நாலாயிரத்து ஐநூறு எங்களுடைய பணமே இல்லை. இத்தனை வருஷமும் அதையும் சேர்த்து எண்ணி, "இன்னும் இருக்கே" என்று சட்டை வாங்கியிருக்கிறேன்.

நவம்பரிலிருந்து, சம்பளம் வந்த அன்றே யூபிஐ இணைக்காத இன்னொரு கணக்குக்கு 4,500 போகும். ஏடிஎம் கார்டு கடுகு டப்பா வங்கியில்.

9 நவம்பர்

திருப்பூர் தம்பியின் அப்பாவுக்கு மூன்று மாத்திரையில் இரண்டு சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறதாம். இப்போது மாதம் 900தான் வெளியே. அறை நண்பரும் அவரும் ஞாயிற்றுக்கிழமை சீட்டு பார்க்கிறார்கள், நண்பர் சீட்டில் "இதர" வந்ததற்குச் சண்டையாம். நல்லது.

"ஆட்டோ டாப்-அப் எங்கே அணைப்பது" என்று திரும்பக் கேட்டவருக்கு: செயலியில் யூபிஐ லைட் பக்கத்தைத் திறந்தால் உள்ளேயே இருக்கும். கிடைக்கவில்லை என்றால் வீட்டில் எட்டாவது படிக்கிற யாரிடமாவது கொடுங்கள்.

இந்த வாரப் பாட்டில்: சீட்டு 2,913, பணம் 86, மெடிக்கல் மிட்டாய் ஒன்று. மிட்டாய்க்கு ஒரு ரூபாய் மதிப்பு போடச் சொல்லி மகள் வாதாடிக்கொண்டிருக்கிறாள். கையெழுத்து இன்னும் ஆகவில்லை.